14 வளைவு, 5 குதிரை

“அண்ணே, வண்டி மேட்டுல இழுக்கல.”

ஆம்பூரில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் என் காதில் அதிகம் விழும் புகார் இதுதான். சொல்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருப்பவர்கள், கட்டிங்கில் இருப்பவர்கள், மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் டீச்சர்கள், வீடு வீடாகப் போகும் நர்சுகள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அதற்கப்பால் வீடு வரைக்கும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு பழைய ஸ்கூட்டியோ ஆக்டிவாவோதான்.

எங்கள் பக்கம் தோலுக்கும் பிரியாணிக்கும் பேர் போனது. ஆனால் பாலாற்றங்கரையை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் சீக்கிரமே மேடு வந்துவிடும். ஆம்பூரிலிருந்து நாயக்கனேரிக்கு ஏறும் காட்டுப் பாதை, பேரணாம்பட்டைத் தாண்டி ஆந்திரா பக்கம் போகும் பத்தலப்பல்லி மலைச்சாலை, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜவ்வாது மலைக்குள் நுழையும் ரோடு என்று எல்லாப் பக்கமும் ஏற்றம். எல்லாவற்றுக்கும் மேல், திருப்பத்தூர் சாலையில் பொன்னேரியிலிருந்து ஏறும் ஏலகிரி. அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரையும் வள்ளல்கள் பெயரையும் வைத்திருக்கிறார்கள். பாரி வளைவு, ஓரி வளைவு, பேகன் வளைவு என்று பலகை பார்த்துக்கொண்டே ஏறலாம், வண்டி ஏறினால்.

ஏறாத வண்டிக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றே: “வித்துட்டு 125 சிசி வாங்கு.” மாதச் சம்பளத்தில் தவணை கட்டும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. நான் சொல்ல வருவது, பெரும்பாலான வண்டிகளுக்கு அந்த மருந்து தேவையே இல்லை என்பதுதான். இந்த மலைகளை ஏறுவதற்கான திறன் அந்தச் சின்ன இன்ஜினுக்குள் இருக்கிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியில் அது வீணாகிறது. எங்கே வீணாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மலை கேட்கும் கணக்கு

குதிரைத்திறன் என்றதும் வேகம்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. உண்மையில் 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். மலைச்சாலையில் ஸ்கூட்டர் செய்யும் வேலையும் இதேதான். தன்னையும் நம்மையும் சேர்த்து ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் உயரத்துக்குத் தூக்குகிறது.

ஸ்கூட்டி பெப் பிளஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 87.8 சிசி இன்ஜின், ஏறக்குறைய 5 குதிரைத்திறன். வண்டி 95 கிலோ, ஓட்டுபவர் 65, பின்னால் இருப்பவர் 60, பை 10 என்று வைத்தால் மொத்தம் 230 கிலோ. 12 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு சுமார் 0.7 மீட்டர் மேலே ஏறுகிறோம். 230-ஐ 0.7-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் இரண்டு குதிரைக்குக் கொஞ்சம் மேல் வரும். டயர் உருளுவதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் ஆவதைச் சேர்த்தால் மூன்று.

ஐந்து இருக்கிறது, மூன்றுதான் வேண்டும். அப்புறம் ஏன் வண்டி முனகுகிறது? இன்ஜினில் பிறக்கும் ஐந்தும் சக்கரத்துக்கு வருவதில்லை. பெல்ட், கிளட்ச், பின்சக்கரத்து கியர் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட கால் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் மூன்றே முக்கால். ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்று குறைந்தால் எரியும் பெட்ரோலும் குறையும், திறனும் அதே அளவு இறங்கும். அடிவாரத்தில் மே மாத வெயில் 42 டிகிரி என்றால், சூடான காற்றும் லேசாகத்தான் இருக்கும். எல்லாம் கழித்தால் மூன்றேகாலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம். தேவை மூன்று, கையில் மூன்றேகால். இடைவெளி அவ்வளவுதான். அடைத்துப்போன ஏர் ஃபில்டர் ஒன்றோ வழுக்கும் பெல்ட் ஒன்றோ போதும், அந்தக் கால் குதிரையும் போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஐந்து குதிரை இன்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றும்போது மட்டுமே கிடைக்கும். 4,000 சுற்றுக்கு இறங்கினால் மூன்றேகால்தான், அதுவும் கால் பங்கு கழிவதற்கு முன்னால். ஆகவே மலையில் இன்ஜினைத் தேவையான சுற்றில் பிடித்து வைத்திருப்பதே பெரிய வேலை. கியர் வண்டியில் அதைக் காலால் செய்வோம். ஸ்கூட்டரில் அதைச் செய்வது இடது பக்க மூடிக்குள் இருக்கும் பெல்ட்டும் புல்லியும்.

இடது பக்க மூடிக்குள்

இந்த ஏற்பாட்டை 1958-ல் தன் சிறிய காரில் வைத்து அறிமுகப்படுத்தியது நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி. நம் நாட்டில் 1984-ல் வந்த கைனெடிக் ஹோண்டா அதை ஸ்கூட்டரில் பழக்கியது. இன்றைக்கு ஓடும் கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர்கள் எல்லாம் அதே வழியில்தான் ஓடுகின்றன.

முன்னால் இன்ஜினோடு ஒரு புல்லி, பின்னால் சக்கரத்துப் பக்கம் ஒரு புல்லி, நடுவில் ரப்பர் பெல்ட். ஒவ்வொரு புல்லியும் இரண்டு சாய்வான தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும், விலகினால் மையத்துக்கு இறங்கும். கிளம்பும்போது பெல்ட் முன்னால் சின்ன வட்டத்திலும் பின்னால் பெரிய வட்டத்திலும் ஓடும். அதுதான் முதல் கியர். வேகம் கூடக் கூட முன்னால் பெரிதாகி, பின்னால் சிறிதாகும்.

முன் தட்டை நெருக்குவது ரோலர். வேரியேட்டர் என்று நாங்கள் சொல்லும் கிண்ணத்துக்குள் பெரும்பாலும் ஆறு உருளைகள் இருக்கும். இன்ஜின் சுற்ற ஆரம்பித்ததும் இவை வெளிப்பக்கமாக வீசப்பட்டு, சரிவில் ஏறி, தட்டைத் தள்ளும். பின்னால் இருக்கும் பெரிய ஸ்பிரிங் அதற்கு எதிராகத் தள்ளும். இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில்தான் வண்டி எந்த கியரில் இருக்கிறது என்பது முடிவாகிறது.

பின் புல்லியில் இன்னொரு நுட்பம் உண்டு. அதன் உட்பக்கக் குழலில் சாய்வாக வெட்டிய காடிகளும் அவற்றுக்குள் நகரும் பின்களும் இருக்கும். மேடு வந்து சக்கரத்தில் பாரம் கூடியதும், அந்தப் பின்கள் காடியில் ஏறித் தட்டுகளைச் சேர்த்து அழுத்தும். பெல்ட் பின்னால் பெரிய வட்டத்துக்குப் போகும், வண்டி தானாகவே கியர் இறங்கும். அந்தக் காடியில் கிரீஸ் காய்ந்துவிட்டால் பின்கள் நகராது. சமதளத்தில் நன்றாக ஓடும் வண்டி மேட்டில் மட்டும் செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவசர சர்வீஸில் யாரும் இதுவரைக்கும் பிரித்துப் பார்ப்பதில்லை.

என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து ஷாப்பில் கூரைக்குக் கீழே நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து பட்டை பெல்ட் இறங்கி ஒவ்வொரு மர டிரம்மையும் சுற்றும். ஈரத்தோலும் தண்ணீருமாக டிரம் நிறைந்து பாரம் ஏறியதும் பெல்ட் வழுக்கும். அப்போது யாரும் பெரிய மோட்டார் வாங்க ஓடியதில்லை. பெல்ட்டின் இழுப்பைச் சரிபார்ப்பார்கள், தேய்ந்திருந்தால் மாற்றுவார்கள், டிரம் மறுபடி சுற்றும். ஸ்கூட்டர் பெல்ட்டைத் தொடும்போதெல்லாம் அப்பா அந்த பெல்ட்டோடு மல்லுக்கட்டியது எனக்கு ஞாபகம் வரும்.

செலவில்லாத வேலை முதலில்

வண்டி இழுக்கவில்லை என்று வந்தால் நான் பின்சக்கரத்திலிருந்துதான் தொடங்குவேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுகிறேன். பிரேக் ஷூ உரசினால் சக்கரம் கனமாகச் சுற்றும். பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும் என்று ராடை அளவுக்கு மேல் முறுக்கி வைத்திருப்பார்கள். ஏறும் வழி முழுக்கப் பிரேக் போட்டுக்கொண்டே ஏறுகிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது டயர் காற்று. இருவர் ஏறும்போது பின் டயருக்கு எவ்வளவு என்று கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும். ஆக்டிவாவுக்கு அது 36. பலர் 25-ஐ வைத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள்.

அப்புறம் ஏர் ஃபில்டர். எங்கள் ஊர் மண் ரோடும், லாரிகள் கிளப்பும் புழுதியும், கம்பெனி வாசலில் பறக்கும் தூசியும் அதைச் சீக்கிரம் அடைக்கும். புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றுவது நல்லது. காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி, டேப்பட் இடைவெளி இரண்டையும் அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இன்ஜினின் அழுத்தமே குறைந்திருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. பிஸ்டன் ரிங்கும் வால்வும்தான் வேலை கேட்கும்.

கார்பரேட்டர் வண்டி உயரத்தில் பெட்ரோலை அதிகமாக எடுக்கும். காற்று குறைந்தது அதற்குத் தெரியாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெட்ரோலைக் கணக்கிட்டுத் தெளிக்கும் ஏற்பாடு இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. திறன் குறைவது குறைவதுதான்.

இதெல்லாம் முடிந்த பிறகே மூடியைத் திறப்பேன். பெல்ட்டின் அகலத்தை அளந்து பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் பளபளப்பு ஏறியிருந்தாலோ, உட்பல்லில் வெடிப்பு இருந்தாலோ மாற்ற வேண்டும். ஆயில் சீல் கசிந்து பெல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால், சீலை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண். கிளட்ச் ஷூ கருகிப் பளபளத்திருந்தால் அது தன்னைச் சுற்றியிருக்கும் பெல் கிண்ணத்தைப் பிடிக்காமல் வழுக்கும். மேட்டில் கருகிய வாசனை வருவது இங்கிருந்துதான்.

ஏலகிரி அத்தனாவூரிலிருந்து கீழே வேலைக்கு வந்துபோகும் ஒரு தங்கச்சி பழைய ஸ்கூட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டில் வண்டியை விற்பதாக முடிவே செய்துவிட்டார்கள். பின் பிரேக் உரசியது, ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன, பின் புல்லிக் காடியில் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. இன்ஜினை நான் தொடவே இல்லை. “இதே வண்டிதானா அண்ணே?” என்று மறுவாரம் வந்து கேட்டார். அதே வண்டிதான், அதே ஐந்து குதிரைதான்.

ரோலரின் எடை

எல்லாம் சரியாக இருந்தும் மலை வாசிகளுக்கு இன்னும் கொஞ்சம் இழுவை தேவைப்பட்டால், அப்போது ரோலர் எடையைக் குறைக்கலாம். கம்பெனி போடும் எடை நகரத்துச் சமதளத்துக்கும் மைலேஜுக்கும் பொருந்தும்படி வைத்தது. எடை குறைந்த ரோலர் தட்டைத் தள்ள இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் பெல்ட் கீழ் கியரிலேயே அதிக நேரம் இருக்கும். இன்ஜின் தன் முழுத் திறன் கிடைக்கும் சுற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். இன்ஜினின் திறன் துளியும் கூடுவதில்லை, இருப்பது தேவையான இடத்தில் கிடைக்கிறது.

இதில் பொறுமை வேண்டும். பழைய எடையிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் குறைக்கக் கூடாது. ஆறையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வழக்கமான மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால் இன்ஜின் சும்மா கத்தும், பெட்ரோல் குடிக்கும், பெல்ட் சூடாகும், நெடுஞ்சாலையில் வேகம் எடுக்காது. தினமும் வேலூர் வரைக்கும் சமதளத்தில் போய்வருகிறவர்களுக்கு நான் இதைச் செய்து தருவதில்லை. பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதும் இதே பலனைத் தரும். ஆனால் பெல்ட் சீக்கிரம் தேயும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. ரோலர் செட்டின் விலை சில நூறு ரூபாய்தான். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் கம்பெனி சர்வீஸில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எக்ஸ்எல் வேறு ஜாதி

தண்ணீர் கேன், தோல் கட்டிங் மூட்டை, பிரியாணி டேக்சா என்று எங்கள் ஊரின் பாதிப் பாரத்தைச் சுமப்பது டிவிஎஸ் எக்ஸ்எல். அதில் புல்லியும் ரோலரும் கிடையாது. ஒரே கியர், கிளட்ச், செயின், அவ்வளவுதான். மேட்டில் கியர் இறங்க அதற்கு வழியே இல்லை. எக்ஸ்எல் 100-இன் 99.7 சிசி இன்ஜின் தன் முழு முறுக்குவிசையை 3,500 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. அதனால்தான் ஒரே கியரை வைத்துக்கொண்டு அது இத்தனை பாரம் இழுக்கிறது.

இதில் இழுவை கூட்ட வழி பின் ஸ்பிராக்கெட்டின் பற்களைக் கூட்டுவது. பல் பத்து விழுக்காடு கூடினால் இழுவையும் பத்து விழுக்காடு கூடும், உச்ச வேகம் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். மலைக் கிராமத்திலேயே ஓடும் வண்டிக்கு இது நியாயமான பேரம். செயின் நீளத்தையும் கூடவே பார்க்க வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் என்றால், வேறு எதையும் தொடும் முன் சைலன்சரில் படிந்த கரியைச் சுத்தம் செய்யுங்கள். பாதி வண்டி அதிலேயே மலை ஏறிவிடும்.

செய்ய வேண்டாதவை

சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவதும், சைலன்சரை வெட்டுவதும், ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிவதும் இளவட்டங்களுக்குப் பிடித்த வேலை. கம்பெனி குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கையை விரிக்கலாம். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், அதனால் கூடும் சூட்டைத் தாங்கும்படி இன்ஜினின் மற்ற பாகங்கள் செய்யப்படவில்லை. ஃபில்டர் இல்லாத இன்ஜின் எங்கள் ஊர்ப் புழுதியில் சீக்கிரமே அழிந்துவிடும்.

ஏறும் கை, இறங்கும் கை

வண்டியைப் போலவே ஓட்டும் கையும் முக்கியம். வளைவுக்கு முன்பே வேகத்தைத் திரட்டிக்கொள்ளுங்கள். வளைவுக்குள் நின்றுவிட்டால் மறுபடி கிளம்பத்தான் அதிகத் திறன் தேவைப்படும். கொண்டை ஊசி வளைவின் உள் ஓரம்தான் செங்குத்து. ஏறும் உயரம் ஒன்றே, தூரம் மட்டும் குறைவு. இடது பக்கம் திரும்பும் வளைவில் உள் ஓரத்தை ஒட்டாமல், உங்கள் பாதிக்குள்ளேயே நடுக்கோட்டை ஒட்டிப் போங்கள். கோட்டைத் தாண்டக் கூடாது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அதற்காக எல்லோரும் விடுவார்கள் என்று நம்பிவிடாதீர்கள், ஹாரன் அடித்தே திரும்புங்கள்.

மேட்டில் நிற்க நேர்ந்தால் பிரேக்கில் நிற்க வேண்டும். ஆக்சிலேட்டரை லேசாகத் திருகி வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் கிளட்ச் ஷூவைக் கருக்கிவிடும்.

ஏற்றத்தில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் நிற்காவிட்டால் உயிர் போகும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் என் வயிறு கலங்குகிறது. இந்த வண்டிகளில் இன்ஜின் சுற்றினால்தான் கிளட்ச் பிடித்து, இன்ஜின் வண்டியை இழுத்து நிறுத்தும். அணைத்துவிட்டால் மொத்தப் பாரமும் இரண்டு டிரம் பிரேக்கின் தலையில். அவை சூடேறச் சூடேறப் பிடிமானம் குறையும். இன்ஜின் ஓடட்டும், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், லிவர் மெத்தென்று இறங்கினால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். இழுவை கூட்டித் தரும் எந்த வண்டிக்கும் பிரேக் ஷூ பார்க்காமல் நான் சாவி கொடுப்பதில்லை.

மின்சார ஸ்கூட்டர் ஏறுமா?

இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. பக்கத்து ராணிப்பேட்டையிலேயே 2021 முதல் ஆம்பியர் ஸ்கூட்டர் தொழிற்சாலை இயங்குகிறது. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரும். மலைக் காற்று குறைவதும் அதைப் பாதிக்காது. பார்க்க வேண்டியது பேட்டரி. 230 கிலோவை 600 மீட்டர் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 0.4 யூனிட் மின்சாரம் ஆகும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் அரை யூனிட்டைத் தாண்டும். 2 யூனிட் பேட்டரி வண்டிக்கு அது கால் பங்கு. ஏறிய பிறகு இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். மோட்டாரின் உச்சத் திறனை மட்டும் கேட்காமல், தொடர்ந்து எவ்வளவு தரும் என்றும் கேளுங்கள். நீண்ட ஏற்றத்தில் சூடேறினால் மோட்டார் தானாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும்.

கேட்டு வாங்குங்கள்

மலைக் கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு ஸ்கூட்டர் ஓடுவது என்றால் வேலை நிலைக்கிறது, பிள்ளை நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போகிறது, ராத்திரியில் ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். அதனால் என் தொழிலில் இருக்கும் தம்பிகளிடம் ஒன்று கேட்கிறேன். ஆயில் மாற்றி, பாலிஷ் போட்டு அனுப்புவது சர்வீஸ் ஆகாது. மேட்டில் இழுக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் இடது மூடியைத் திறந்து காட்டிப் பேசுங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களே, அடுத்த சர்வீஸில் நீங்களாகவே கேளுங்கள்: “பின்சக்கரம் லேசா சுத்துதா? பெல்ட் அகலம் அளந்தீங்களா? ரோலர் தேஞ்சிருக்கா? பின் புல்லிக்கு கிரீஸ் வச்சீங்களா?” இந்த நாலு கேள்விக்கும் பழைய பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிற மெக்கானிக் கிடைத்தால், அவரை விடாதீர்கள். வண்டியை விற்பதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.